முதலில் நோட்டீஸ், பிறகு சைனிங்

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. வியாசர்பாடி கிரவுண்டில் கால்பந்து ஆடிப் பழகியவன். வேறு மாநிலத்து கிளப் ஒன்றில் மாதம் 45,000 ரூபாய்க்கு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறான். 11 மாதம் ஆகிவிட்டது. கடைசி மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கேட்டால் 'ஸ்பான்சர் பணம் வரலை' என்கிறார் மேனேஜர். கேட்ட மறுநாளிலிருந்து அவனை டீமோடு சேர்க்காமல் தனியாக ஓடச் சொல்கிறார்கள். வேறொரு கிளப் மாதம் 35,000 தருவதாகக் கூப்பிடுகிறது. ஏஜென்ட் 'இங்கே சைன் பண்ணிடு, மத்ததைப் பார்த்துக்கலாம்' என்கிறார். மேனேஜரோ 'என்ஓசி (தடையில்லாச் சான்று) தரமாட்டோம், போனால் 10 லட்சம் கட்டணும்' என்று மிரட்டுகிறார். இப்போது ஒரு பேப்பரை நீட்டி, ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார். கூட ஆடும் வெளிநாட்டு வீரர் 'ஃபிஃபாவுக்கு எழுது' என்கிறார். கையில் காசு இல்லாததால் கேரளாவில் மலப்புரத்துக்குப் போய் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடலாமா என்று தம்பி கேட்கிறான். அவனிடம் இருப்பது ஒப்பந்தத்தின் ஒன்பது பக்கத்தில் ஏழு பக்கத்தை போனில் எடுத்த போட்டோ மட்டும்தான். என்ன செய்யட்டும்? (வாசகி ஒருவர், சென்னை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி அந்த கிளப்பை விட்டு வெளியேறலாம். அதற்கான காரணத்தை கிளப்பே கொடுத்துவிட்டது. ஆனால் இந்த வாரம் வெளியேறக் கூடாது. ஏஜென்ட் சொல்கிறபடி இன்றைக்கே புது கிளப்பில் கையெழுத்துப் போட்டால், மூன்று மாதச் சம்பளம் வாங்க வேண்டிய உங்கள் தம்பி, ஒப்பந்தத்தை மீறி ஓடிய வீரனாகிவிடுவான். பாக்கி அதேதான், கிளப்பும் அதேதான். எந்தக் காகிதம் எந்தத் தேதியில் போனது என்பதை வைத்துத்தான் வழக்கை விசாரிக்கும் குழு தீர்ப்பு எழுதும்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் தகுதி மற்றும் மாற்ற விதிகளில் 14-பிஸ் என்று ஒரு பிரிவு உண்டு. 2018 ஜூனில் சேர்த்தார்கள். அதற்கு முன்பு 'சம்பளம் தரவில்லை, அதனால் போகிறேன்' என்று ஒரு வீரர் சொன்னால், எத்தனை மாதம் தராவிட்டால் போகலாம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் வாதாட வேண்டியிருந்தது. இப்போது கணக்கு நேரானது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் இருக்க வேண்டும். வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பாக்கியை முழுதாகத் தீர்க்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் பணம் வராவிட்டால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். உங்கள் தம்பியிடம் முதல் பாதி இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லை. வாட்ஸ்அப்பில் 'சார் சேலரி' என்று கேட்டதெல்லாம் ஆதாரமாக உதவும், நோட்டீஸ் ஆகாது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும்: இது ஃபிஃபா விதிதானே, நமக்குப் பொருந்துமா? வெளிநாட்டு நண்பர் சொன்னது அவருக்குச் சரி. வேறு நாட்டு வீரருக்கும் இந்திய கிளப்புக்கும் தகராறு என்றால் அது ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு மன்றத்துக்குப் போகும். தீர்ப்பான பணத்தைக் கட்டாத கிளப், புது வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வாங்கும். இந்திய வீரர், இந்திய கிளப் என்றால் வாசல் டெல்லியில் இருக்கிறது: அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின், அதாவது ஏஐஎஃப்எஃப்பின், வீரர் தகுதிக் குழு. ஒப்பந்தப் பாதுகாப்பு பற்றிய இந்தக் கொள்கைகளை உறுப்பு நாடுகள் தங்கள் விதிகளிலும் கொண்டுவர வேண்டும் என்பது ஃபிஃபாவின் நிபந்தனை. அதனால் நோட்டீஸ், 15 நாள், பிறகு முறிப்பு என்ற இதே வரிசையில் போனால் குழுவின் முன் நிற்க உங்களுக்கு நல்ல தரை கிடைக்கும். ஃபிஃபாவுக்கு நேரடியாக எழுதி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். 'எங்கள் அதிகார வரம்பு இல்லை' என்றுதான் பதில் வரும்.

நோட்டீஸுக்குப் பெரிய வக்கீல் தேவையில்லை. வக்கீலாகிய நானே சொல்கிறேன். நீங்கள் கேட்கப்போகும் மொத்தத் தொகை என்ன என்று பார்த்துவிட்டுத்தான் வக்கீல் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன். நோட்டீஸில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: எந்தத் தேதியிட்ட ஒப்பந்தம், மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தெந்த மாதம் வரவில்லை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், மொத்தம் 1,35,000 ரூபாய், இது கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் இந்த வங்கிக் கணக்கில் முழுதாகச் செலுத்த வேண்டும், தவறினால் ஒப்பந்தத்தை முறித்து இழப்பீடு கோருவேன். கோபம் வேண்டாம், கோச்சைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே பக்கம் போதும். ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கும் கிளப் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அதையே அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலிலும் அனுப்புங்கள். மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கும் ஒரு நகல் போகட்டும்.

15 நாள் என்று எழுதினாலும் 18 நாள் காத்திருங்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கோல்கீப்பர், நோட்டீஸில் 10 நாள் என்று எழுதிவிட்டிருந்தார். அதே ஃபிஃபா விதிகளின் வேறொரு பிரிவில், 30 நாளுக்கு மேல் பாக்கி வைக்கும் கிளப்புக்குத் தண்டனை கேட்பதற்கு, 10 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. இணையத்தில் அதைப் படித்து இதோடு குழப்பிக்கொண்டார். 11-ம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். நாலு மாதப் பாக்கி வைத்திருந்த அந்த கிளப், கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை அந்த 10-ஐயே பிடித்துக்கொண்டு தொங்கியது. பாதித் தொகைக்கு சமரசம் செய்துகொண்டு வந்தோம். மூன்று நாள் கூடுதலாகக் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

இந்த நாட்களில் கிளப் என்ன செய்யும் என்பதற்கும் தயாராக இருங்கள். 14-ம் நாள் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் போட்டுவிட்டு 'செட்டில் பண்ணிட்டோம்' என்று மெசேஜ் வரலாம். விதியில் 'முழுதாக' என்ற சொல் இருப்பது அதற்குத்தான். வந்த பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். 'பகுதித் தொகை வந்தது, மீதி 90,000 நிலுவை' என்று அன்றே பதில் எழுதுங்கள். 13-ம் நாள் மூன்று மாதமும் மொத்தமாக வந்துவிட்டால்? அப்போது இந்த நோட்டீஸை வைத்து ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை போய்விடும். புது கிளப்புக்குப் போக வேண்டுமென்றால் பேசித்தான் போக வேண்டும். தம்பிக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். நோட்டீஸ் கொடுத்தாலே விடுதலை என்று நினைத்துக்கொண்டு, பணம் வந்த அன்றைக்கு ஏமாந்து போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஓடச் சொல்கிறார்கள் என்றீர்கள். ஓடட்டும். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீரரை வெறுப்பேற்றித் தானாகவே ஓட வைப்பதற்காக கிளப் செய்யும் கெடுபிடியும் ஒப்பந்தத்தை முறிக்க ஒரு காரணமே என்று 2018 திருத்தம் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அதை மட்டும் வைத்து வழக்கை நடத்துவது கஷ்டம். 'காயம் இருந்தது, ஃபிட்னஸ் புரோகிராம் கொடுத்தோம்' என்பார்கள். சம்பளப் பாக்கியோடு சேர்த்து வைத்தால் எடை கூடும். அதனால் தினமும் காலையில் கிரவுண்டுக்குப் போகட்டும். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். 'இன்றைக்கு எத்தனை மணிக்கு டிரெய்னிங் சார்' என்று மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போடட்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது பதிவாகிறது. கேம்பை விட்டு அவன் ஒரு நாள் கிளம்பினால், கிளப்பின் பதில் மனுவில் அந்தத் தேதிதான் முதல் வரியாக இருக்கும்.

செவன்ஸ் பற்றிக் கேட்டதற்கும் இதுதான் பதில். மலப்புரத்தில் ஒரு ராத்திரி ஆடினால் கையில் காசாகக் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். மூன்று மாதம் சம்பளம் இல்லாதவனிடம் போகாதே என்று சொல்வது சுலபமில்லை. ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது அனுமதியில்லாமல் வேறு போட்டியில் ஆடுவது மீறல். அந்த மேட்ச்களை யாராவது போனில் எடுத்து யூடியூபில் போட்டுவிடுவார்கள். கிளப்புக்குத் தேடக்கூட வேண்டாம். ஆட்டத்தில் முழங்கால் போனால் சிகிச்சைச் செலவுக்கும் யாரும் வரமாட்டார்கள். இந்த 18 நாளுக்கு வீட்டிலிருந்து அனுப்ப முடிந்ததை அனுப்புங்கள்.

ஒரு மாதச் சம்பளத்துக்கு நீட்டிய அந்த பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம். 1,35,000 ரூபாய்க் கடனை 45,000-க்கு அடைக்கும் வித்தை அது. மீதமுள்ள 13 மாத உரிமையும் அதோடு போய்விடும். சமரசமே கூடாது என்று சொல்லவில்லை. சமரசம் என்றால் தொகையும் தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் கணக்கில் ஏறிய பிறகே பாக்கியில்லை என்ற வரி செல்லுபடியாகும் என்றிருக்க வேண்டும். தேதி தவறினால் முழுத் தொகையும் உயிர்பெறும் என்றிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொண்டு முடிப்பதுகூட புத்திசாலித்தனம்தான். 22 வயதில் ஒரு சீசன் என்பது பெரிய பணம்.

இப்போது கணக்கு. மூன்று மாதப் பாக்கி 1,35,000. ஒப்பந்தத்தில் மீதி 13 மாதம், 45,000 வீதம் 5,85,000. ஆனால் இதை முழுதாகக் கேட்க முடியாது. அதே 13 மாதத்தில் புது கிளப்பில் 35,000 வீதம் 4,55,000 சம்பாதிக்கப்போகிறான், அதைக் கழிப்பார்கள். வித்தியாசம் 1,30,000. ஆக உங்கள் கோரிக்கை சுமார் 2,65,000 ரூபாய், வட்டி தனி. குழு எல்லாவற்றையும் அப்படியே கொடுத்துவிடும் என்று வாக்குத் தர என்னால் முடியாது. பாக்கிச் சம்பளம் உறுதியான நிலத்தில் நிற்கிறது; மீதி, குழு வழக்கை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பான்சர் பணம் வராதது கிளப்பின் பாடு. 2025 ஆகஸ்டில், நாட்டின் முதல்நிலை கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் சீசன் நடக்குமா என்றே தெரியாதபோது, பெங்களூரு எஃப்சி தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. நம்ம ஊர் சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்தியது. மேல்தட்டு கிளப்புகளுக்கே அந்த நிலை வந்த வருடம் அது. கிளப்புகளின் சிரமம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆடத் தயாராக கிரவுண்டில் நிற்கும் பையனின் சம்பளத்தை அந்தச் சிரமம் தள்ளுபடி செய்யாது.

10 லட்சம் கட்டணும் என்ற மிரட்டலுக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்தாலும் அது உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுவே கிடைக்கும். அதுவும் முறித்தவர் தம்பி என்றால் மட்டும். கிளப் சம்பளம் தராததால் முறிந்தது என்றால், அந்த வரி அவர்களுக்கு உதவாது. 'எங்களைவிட்டுப் போனால் ஆறு மாதம் எங்கும் ஆடக்கூடாது' என்கிற மாதிரி ஏதாவது அந்த விடுபட்ட இரண்டு பக்கத்தில் இருந்தாலும் கலங்க வேண்டாம். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனை 27-வது பிரிவின்கீழ் செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ஓசி பயம் பழைய பயம். பெல்ஜியத்தில் ஜான்-மார்க் போஸ்மன் என்ற வீரருக்கு 1990-ல் ஒப்பந்தம் முடிந்தது. லீஜ் கிளப் சம்பளத்தை 1,20,000 பிராங்கிலிருந்து 30,000-ஆகக் குறைத்தது. பிரான்ஸில் டன்கர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றால் விலை கேட்டுத் தடுத்தது. ஒப்பந்தம் முடிந்த ஆளைப் பிடித்துவைத்து விலை பேசுவது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றைய உலக விதிகள் எழுதப்பட்டன. ஒப்பந்தம் முறைப்படி முடிந்துவிட்டால் பழைய கிளப்பின் தயவு தேவையில்லை. தகராறு நடக்கும்போது பதிவை விடுவிக்க மறுத்தால், அதையும் சேர்த்து அதே குழுவிடம் கேளுங்கள்.

புது கிளப் விஷயத்தில்தான் நீங்கள் கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டும். முறிப்புக் கடிதம் போகும்வரை கையெழுத்து வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம், 'ஓகே சார் வந்துடறேன்' என்ற வாட்ஸ்அப் வார்த்தையும் வேண்டாம். ஒரே காலத்துக்கு இரண்டு ஒப்பந்தம் போடுவதே தனிக் குற்றம். ஏஜென்ட்டுக்கு அவசரம் இருக்கும்; அவர் கமிஷன் புது சைனிங்கில் இருக்கிறது, பழைய பாக்கியில் இல்லை. புது கிளப்பிடம் நேராகச் சொல்லுங்கள்: 'நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம், இந்தத் தேதிக்குப் பிறகு பேசலாம்.' நல்ல கிளப் என்றால் அதை வரவேற்கும், ஏனென்றால் அவசரப்பட்டால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது புது வீரர்களைப் பதிவு செய்யும் காலம், எப்போது மூடுகிறது என்று கேட்டு, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதனால்தான் நோட்டீஸ் நாளைக்கே போக வேண்டும் என்கிறேன்.

மாட்டிக்கொள்வது என்றால் எவ்வளவு? 2024 செப்டம்பரில், மோகன் பகானுடனான நான்கு வருட லோன் (சொந்த கிளப் இரவலாக அனுப்பும்) ஒப்பந்தத்தை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போன அன்வர் அலிக்கு, நான் மேலே சொன்ன அதே வீரர் தகுதிக் குழு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும், ஈஸ்ட் பெங்காலும், அவருடைய சொந்த கிளப்பான டெல்லி எஃப்சியும் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. விவகாரம் உடனே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு மறுபடி விசாரிக்கப்பட வேண்டியதாயிற்று. அது சம்பளப் பாக்கி வழக்கில்லை, உங்கள் தம்பியும் இந்திய அணி வீரரில்லை. ஆனால் குழுவின் கை எவ்வளவு நீளும் என்று அந்தத் தொகை காட்டுகிறது.

வெளிநாட்டிலும் பாருங்கள். பிரெஞ்சு வீரர் லசானா டியாரா 2014-ல் லோகோமோடிவ் மாஸ்கோவோடு மோதினார், கிளப் ஒப்பந்தத்தை முறித்தது, அவர்தான் மீறினார் என்று ஃபிஃபா மன்றம் 10.5 மில்லியன் யூரோ கட்டச் சொன்னது. அவரை எடுக்க வந்த பெல்ஜியத்தின் ஷார்லெருவா, அபராதத்தில் தனக்கும் பங்கு வந்துவிடுமோ என்று பயந்து பின்வாங்கியது. 2024 அக்டோபர் 4-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஃபிஃபாவின் மாற்ற விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்றது. ஃபிஃபாவும் அவற்றை மாற்றியது. ஜெயித்தார்தான். பத்து வருடம் கழித்து, பூட்ஸைக் கழற்றிய பிறகு.

விடுபட்ட இரண்டு பக்கம் பற்றிக் கவலைப்படாதீர்கள். வீரரைப் பதிவு செய்யும்போது ஒப்பந்தம் ஏஐஎஃப்எஃப்பின் சிஆர்எஸ் இணையப் பதிவில் ஏற்றப்பட்டிருக்கும். கிளப்பிடம் முழு நகல் கேட்டு ஒரு மின்னஞ்சல், தராவிட்டால் கூட்டமைப்புக்கு ஒன்று. இன்னொரு வேலையையும் நீங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம்: தம்பியின் பான் எண்ணை வைத்து வருமான வரித் தளத்தில், அவன் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுங்கள். தராத மாதங்களுக்கும் கிளப் டிடிஎஸ் கட்டியதாகக் காட்டியிருந்தால், சம்பளம் தர வேண்டியிருந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. அவன் வெறும் அமெச்சூர், கைச்செலவுக்குத்தான் கொடுத்தோம் என்று ஒருவேளை கிளப் ஆரம்பித்தாலும், முந்தைய எட்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் இதுவும் சேர்ந்து வாயை அடைத்துவிடும். எழுத்து ஒப்பந்தம் இருந்து, செலவுக்கு மேல் பணம் வாங்கினால் அவன் புரொஃபஷனல்தான்.

பைசுங் பூட்டியா முன்னின்று 2006-ல் தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்திலும் தம்பி உறுப்பினராகட்டும். இப்படி ஒரே கிளப்பில் நாலைந்து பேருக்குப் பாக்கி இருக்கும். அவர்களும் அதே வாரம் நோட்டீஸ் கொடுத்தால் மேனேஜரின் குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

18 நாள் கழித்து பணம் வராவிட்டால், முறிப்புக் கடிதம் அதே மூன்று வழியிலும் போகட்டும். அது போய்ச் சேர்ந்த பிறகு அறையைக் காலி செய்யட்டும். ஃபிளாட் சாவி, கிட், டிராக்சூட், ஜிபிஎஸ் வெஸ்ட் இருந்தால் அதுவும், ஒரு பட்டியல் எழுதி, கிட் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கட்டும். நான் சொன்ன அந்த கோல்கீப்பரின் சமரசத் தொகையில், சாவி திரும்ப வரவில்லை என்று பூட்டு மாற்றிய செலவையும் கழித்திருந்தார்கள்.